மாடி அறைக்கு ஏன் இன்னும் வெள்ளையடிக்கவில்லை

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய். வீடு முழுக்க வெள்ளையடித்தாகிவிட்டதாமே, மாடி அறையை மட்டும் ஏன் பெயின்டருக்குத் திறந்துவிடவில்லை என்று. அம்மா உன்னிடம் புகார் சொல்லியிருக்கிறாள். சாவி எங்கோ கைமறதியாக வைத்துவிட்டேன் என்று சொல்லி மழுப்பினேன். சாவி தொலையவில்லை. கடையில் என் மேசை இழுப்பறையில், உடைந்த பட்டன்கள் போட்டு வைக்கிற டப்பாவுக்குப் பின்னால்தான் இருந்தது. கல்யாணம் முடிந்து நீயும் அந்தப் பெண்ணும் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் தங்கப் போகிற அறை அது. அதில் நீங்கள் தங்குவதற்கு முன்னால் அதைப் பற்றி நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். போனில் எனக்குச் சொல்ல வராது. எதிரே உட்காரவைத்துச் சொல்லத் தைரியம் கிடையாது. அதனால் எழுதுகிறேன். நாம் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதற்கென்று எழுத்து உண்டு என்கிறார்கள், எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. கடிதம் என்றால் நமக்குத் தமிழ்தான். படிக்கும்போது இது அப்பா பேசுகிற மாதிரி இல்லையே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். நான் சொல்லப்போகிற தப்பை நம் பாஷையில்தான் செய்தேன்.

சோலை மாமா இறந்து ஐம்பது நாள் ஆகிறது. நீ லீவு கிடைக்காமல் வரவில்லை. உனக்கு அவனைக் காக்கிச் சட்டையில்தான் தெரியும். சிம்மக்கல் ஸ்டாப்பில் பஸ் நின்றதும் உன்னைத் தூக்கிப் படியில் நிறுத்தி, விசிலை உன் வாயில் வைத்து ஊதச் சொல்வான். நீ ஊதினதும் டிரைவர் வண்டியை எடுத்துவிட, நீ அலறிய அலறல் தெரு முழுக்கக் கேட்டது. அவனுக்கு முழுப் பெயர் சோலைமலை. சோழவந்தான் தாண்டி ஒரு சின்ன ஊர். அவன் அப்பாவும் அம்மாவும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர்கள், கொடிக்கால் இன்னொருவருடையது. ஊருக்கு வெளியே தனியாக இருக்கிற தெருவில் வீடு. மதுரையில் சர்க்கார் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க ஆறாம் வகுப்புக்கு வந்தான். வகுப்பில் உயரப்படி உட்கார வைத்தார்கள், நானும் அவனும் ஒரே உயரம், பக்கத்தில் பக்கத்தில். அந்த ஒரு காரணத்தால் ஆரம்பித்தது நாற்பத்தெட்டு வருடம் ஓடியது.

ஹாஸ்டலில் சனி, ஞாயிறு சாப்பாடு சரியிருக்காது என்று அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்குப் போடுவோம். என் அம்மாவும் அப்பாவும் சுற்றி நம் பாஷையில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவன் தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். நம் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம், உனக்கே தெரியும். வெளி ஆள் எதிரே இருக்கும்போது சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டுமென்றால், எழுந்து உள்ளே போக மாட்டோம். குரலைத் தாழ்த்தவும் மாட்டோம். சிரித்த முகமாகவே நம் பாஷைக்கு மாறிவிடுவோம். கடையில் வாடிக்கையாளர் எதிரேயே விலையைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். பெண் பார்க்க வந்தவர்களை அவர்கள் மூக்குக்கு முன்னாலேயே அலசிவிடுவோம். நமக்கு அது உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை மாதிரி. சோலையும் அந்த அறைக்கு வெளியே இருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

பத்தாம் வகுப்போடு நான் கடைக்கு வந்துவிட்டேன். அவன் மேலே படித்து, கொஞ்ச வருடம் அலைந்து, கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்தான். சிம்மக்கல், சமயநல்லூர், சோழவந்தான், அதற்கப்புறம் அவன் ஊர். அதே ரூட்டில் பாதி ஆயுளை ஓட்டினான். ஒரு நாளைக்கு நாலு டிரிப் நம் கடையைத் தாண்டிப் போவான். முதல் டிரிப்பில் வாழைச் சருகில் சுற்றிய வெற்றிலை ஒரு கட்டு என் மேசைக்கு வந்துவிடும். "இளசு மாப்ள, மத்தியானத்துக்குள்ள போட்டுரு" என்று சொல்லிவிட்டு ஓடுவான். டூட்டி இல்லாத நாளில் வீட்டுக்கு வருவான். உன் அம்மா கல்யாணமாகி வந்ததும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் சில நாள் சமையலறையிலிருந்து நம் பாஷையில் என்னிடம் சொல்வாள், பால் தீர்ந்துபோச்சு, அண்ணனுக்குக் காபிக்கு என்ன செய்ய என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்வான், "தங்கச்சி, இன்னைக்கு எனக்குக் காபி வேணாம்மா, வயிறு ஒரு மாதிரியா இருக்கு." இப்படிப் பத்து தடவையாவது நடந்திருக்கும். இவனுக்கு என்ன இப்படி வயிறு கெட்டுப்போகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் கவலைப்பட்டிருக்கிறோம். அம்புட்டு அறிவாளிகள் நாங்கள்.

நீ ஆறாம் வகுப்பு சேர்ந்த வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சோலை வந்தான். வழக்கமாக நேரே உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருபவன் அன்றைக்கு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். அவன் மகள் வசந்திக்கு நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அவர்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போகிற முதல் பெண் அவள். ஹாஸ்டலில் இடம் நிரம்பிவிட்டது. அவன் ஊரிலிருந்து காலை ஐந்தரைக்கு அவன் பஸ், அதை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு, அதில் வந்தால் முதல் இரண்டு வகுப்பு போய்விடும். "மாப்ள, மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு. ஒரு வருசம். அடுத்த வருசம் ஹாஸ்டல்ல போட்டுருவாங்க. சாப்பாட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணிக்கிறேன், தங்க மட்டுந்தான்" என்றான். என்னிடம் அவன் கேட்ட ஒரே உதவி அதுதான். அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

உன் அம்மா அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள். நம் பாஷையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அடுக்களைக்குள்ளயும் சாமி ரூமுக்குள்ளயும் வந்து போகுமே, என்ன செய்யறது?" அவள் கேள்வி மட்டும்தான் கேட்டாள், அதை நீ மறந்துவிடாதே. பதில் என்னுடையது. நான் சிரித்துக்கொண்டே, கரண்ட் எப்போது வரும் என்று பேசுகிற தோரணையில், நம் பாஷையில் சொன்னேன். "அவங்க ஆளை வீட்டில் வைத்தால் நாளைக்கு நம் சொந்தத்தில் ஒருத்தன் வாசல் மிதிக்க மாட்டான். ரூமை வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். இவன் ஒன்றும் நினைக்க மாட்டான்." பிறகு அவன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். "அடடா, சோலை. போன வாரந்தான்டா எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தனுக்குச் சொல்லிட்டேன். பரமக்குடியிலருந்து வாரான், படிக்க."

அப்போது நீ மட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நம் பாஷையில் என்னைக் கேட்டாய், "பரமக்குடியில் நமக்கு யாருப்பா இருக்கா?" நான் உன்னை ஒரு பார்வை பார்த்து, "வாயை மூடிட்டு விளையாடப் போ" என்றேன், அதுவும் நம் பாஷையில். நீ போய்விட்டாய். சோலை காபியை மிச்சம் வைக்காமல் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான். "அதுனால என்ன மாப்ள. பஸ்ஸு இருக்குல்ல, கூட்டிட்டு வந்துக்கிறேன்" என்றான். எழுந்து, "வாரேன் தங்கச்சி" என்றான். அதற்கப்புறம் அவன் நம் வீட்டுப் படி ஏறவில்லை. கடைக்கு வருவான், வெற்றிலை வரும், சிரிப்பான், கிண்டல் செய்வான். வீட்டுக்கு வாடா என்றால் டூட்டி என்பான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டு இதில் என்ன ஒளிவு, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வருடமும் ஹாஸ்டல் கிடைக்கவில்லை. மூன்று வருடமும் வசந்தி அப்பா பஸ்ஸில் காலை ஆறே முக்காலுக்கு சிம்மக்கல்லில் இறங்குவாள். காலேஜ் ஒன்பதரைக்கு. நடுவில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற ஸ்டாப்பில், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். தலைக்கு மேலே கூரை கிடையாது அப்போது. மழை வந்தால் பக்கத்துப் பழக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே போய் நிற்பாள். என்னைப் பார்த்தால் எழுந்து, "மாமா, நல்லாருக்கீங்களா" என்பாள். இரண்டு மூன்று தடவை அப்படி எழுந்தாள். அதற்கப்புறம் நான் கடைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன். பின் சந்து வழியாகப் போனால் வெயில் படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாடி அறையில் கிழிந்த பாய் ஒன்றும், உன் பழைய நடைவண்டியும், ரோட்டைப் பார்த்த ஒரு ஜன்னலும் இருந்தன. பரமக்குடிப் பையன் வரவே இல்லை, பிறந்தால்தானே வருவான்.

காலம் போயிற்று. அவள் படித்து, டீச்சராகி, கல்யாணமாகி சமயநல்லூரில் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடம் மதுரையில்தான். இப்போதும் காலை எட்டு மணி வாக்கில் அவள் பஸ் நம் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. சோலை ரிடையர் ஆனான். ஆன ஆறாவது மாதம் காலில் வீக்கம், அப்புறம் முகத்தில் வீக்கம். கிட்னி இரண்டும் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் உன் அம்மாவும் பார்க்கப் போனோம், சாயங்காலம் நாலு மணி. வார்டுக்கு வெளியே வசந்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "பத்து நாளுக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மாமா. அப்பாவுக்குத் தெரியாது. தயவுசெஞ்சு தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க." சரிம்மா என்று உள்ளே போனேன். அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். கட்டிலின் அந்தப் பக்கம் உன் அம்மா, இந்தப் பக்கம் நான். டாக்டர் என்ன சொன்னாராம் என்று அவள் நம் பாஷையில் கேட்டாள். நானும் நம் பாஷையில், "பத்து நாள்தானாம். இவனுக்குத் தெரியக் கூடாதாம்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சோலை பேசினான். "எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து அழுதுராதீங்க, பக்கத்துப் பெட்டுக்காரன் பயந்துருவான்." தம்பி, இதை நான் தமிழில் எழுதுகிறேன். அவன் சொன்னது சௌராஷ்டிரத்தில். தட்டுத்தடுமாறிப் பேசவில்லை. என் அம்மா பேசுகிற இழுவையோடு, நீயும் நானும் இன்றைக்கு மறந்துவிட்ட பழைய சொற்களோடு பேசினான். உன் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதற்கப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடம், காபி டம்ளர், கரண்ட் எப்போது வரும் என்கிற தோரணையில் நான் சொன்ன வார்த்தைகள், எல்லாம் ஒன்று விடாமல் வந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பையை மறந்துவிட்டேன் என்று ஏதோ சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் தனியாகப் போனேன். "எப்பருந்துடா?" என்று கேட்டேன். "ஏழாப்பு" என்றான். "ஒங்க அம்மா என்னயப் பாத்துப் பாத்து என்னமோ சொல்லுவாங்க. வையிறாங்களோன்னு நெனச்சேன். என்னன்னுதான் தெரிஞ்சுக்குவமேன்னு காதக் குடுத்தேன். ஒரு நா புரிஞ்சுபோச்சு. 'இந்தப் பையனுக்கு வயிறு ஒட்டிக் கெடக்கு, கேக்க மாட்டான், இன்னும் ரெண்டு இட்லி வையி' ன்னு ஒங்க அக்காகிட்ட சொல்றாங்க. எனக்கு ஒங்க பாஷையில மொதமொதலா முழுசாப் புரிஞ்சது அதுதான் மாப்ள." அப்புறம் ஏன்டா இத்தனை வருடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நிறுத்திருவீங்கள்ல. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பீங்க, நடுவுல நானும் உக்காந்திருப்பேன். ஒரு வீட்டு ஆளு மாதிரி இருக்கும்" என்றான். நம் வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்ட அறை ஒன்று இருந்தது என்றேனே, அதற்குள் அவன் பன்னிரண்டு வயதிலிருந்து உட்கார்ந்திருந்திருக்கிறான். உள்ளே வைத்துத்தான் நான் அவனை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். "அந்த மாடி ரூம் சோலை" என்று ஆரம்பித்தபோது வசந்தி கஞ்சி டம்ளரோடு வந்துவிட்டாள். அவன் உடனே நம் பாஷைக்கு மாறினான். "விடு. அவளுக்குத் தெரியாது. உன் சொந்தக்காரப் பையன் நிஜமாவே வந்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கா. உன்னை வாய் நிறைய மாமான்னு கூப்பிடுறா. அது அப்படியே இருக்கட்டும்." வசந்தி ஆச்சரியமாகப் பார்த்துச் சிரித்தாள். "பாருங்க மாமா, எங்ககிட்ட ஒரு நாளும் காட்டிக்கிட்டதில்ல." எந்தப் பாஷையில் நான் அவனை வெளியே நிறுத்தினேனோ, அதே பாஷையில் அவன் தன் மகள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றினான். எட்டு நாள் அப்படியே போயிற்று. கடைசிக்கு முந்தின நாள் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. வசந்தி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னான், நம் பாஷையில். "அந்த மூணு வருஷமும் விசில் குடுக்கிறதுக்கு முன்னாடி திரும்பிப் பார்ப்பேன்டா. ஒரு நாளாவது நீ அவளை உள்ளே வந்து உட்காரும்மான்னு கூப்பிடுவியான்னு பார்த்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அவகிட்ட சொல்லிராத" என்றான். அவ்வளவுதான் அவன் என்னிடம் பேசியது. அவன் யாரிடமும் தெளிவாகப் பேசியதே அதுதான் கடைசி.

பதினாறாம் நாள் காரியத்தில் வசந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. "மாமா, அப்பா கடைசியா உங்ககிட்ட உங்க பாஷையில என்னமோ சொன்னாருல்ல. என்னயப் பாத்துக்கிட்டே சொன்னாரு. என்ன சொன்னாரு?" ஒரு மகளுக்கு அப்பாவின் கடைசிப் பேச்சு சொந்தம். அது என்னிடம் மாட்டிக்கொண்டது, அதைத் திறக்கிற சாவியும் என்னிடம். சொன்னால் என் யோக்கியதை வெளியே வரும். அது போகட்டும், சொல்லாதே என்றுதானே அவனும் சொன்னான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "உன்னை நல்லாப் பாத்துக்கச் சொன்னான்மா" என்றேன். மறுபடியும் பொய். "அம்புட்டுத்தானா மாமா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். எழுந்து போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் பெயின்டர் வந்தான், மாடி சாவி கேட்டான், எனக்குக் கை வரவில்லை. நண்பன் வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் என்று நாலு நாள் பெருமையாக இருந்து பார்த்தேன். உட்கார்ந்து யோசித்தால் நான் காப்பாற்றுவது என்னைத்தான் என்று தெரிந்தது. போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு பஸ் ஏறி சமயநல்லூர் போனேன். வசந்தி வீட்டில் தனியாக இருந்தாள். மாப்பிள்ளையும் குழந்தையும் வெளியே போயிருந்தார்கள். அவள் வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்களைப் பேச்சு, பரமக்குடிப் பையன், பின் சந்து, ஆஸ்பத்திரி, பதினாறாம் நாள் பொய், ஒன்று விடவில்லை. அவள் நடுவில் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள். எப்படிம்மா என்றேன். "அந்த பெஞ்சுல உக்காந்தா ஒங்க மாடி ஜன்னல் நேராத் தெரியும். மூணு வருசத்துல ஒரு நா தொறக்கல. ஒரு ஆளு தங்கியிருந்தா ஒரு துண்டாவது காயப்போட்டிருப்பாங்கள்ல." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "அப்பாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா ஒங்ககூடப் பேச மாட்டாரு, அவருக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா? அதான் அப்பப்ப அவர்ட்ட கேப்பேன். 'மாமா வீட்டுல அந்தப் பரமக்குடிப் பையன் நல்லாப் படிக்கிறானாப்பா?' ன்னு. அப்பாவும் 'நல்லாப் படிக்கிறானாம்மா' ம்பாரு." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இல்லாத ஒரு பையனை அப்பாவும் மகளுமாக மூன்று வருடம் படிக்க வைத்திருக்கிறார்கள், தம்பி. எனக்காக.

அறையை இப்போது எடுத்துக்கொள்ளம்மா, எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கு என்று உளறினேன். "இனிமே எதுக்கு மாமா" என்றாள். சரிதானே. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். அப்பா கடைசியாகச் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, நம் பாஷையிலேயே, ஒரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை என்னோடு சேர்ந்து மெதுவாக அவளும் சொல்லிப் பார்த்தாள். "அவகிட்ட சொல்லிராத" என்கிற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். சாப்பிட்டுப் போங்கள் என்றாள். கீரைக்குழம்பும் அப்பளமும். நாற்பத்தெட்டு வருடப் பழக்கத்தில் அவர்கள் வீட்டில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதுவே எனக்கு உறைத்தது.

இதையெல்லாம் உன் கல்யாணத்துக்கு முன்னால் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு நம் பாஷை தெரியாது. நீ அவளைப் பற்றிச் சொன்னபோது நான் சரி என்றது என் பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. அவர்கள் யார், எவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சரி என்றேன், அதுவும் உனக்குத் தெரியும். நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண் நம் கூடத்தில் வந்து உட்காருவாள். நம் சொந்தங்கள் வருவார்கள். சிரித்த முகமாக யாராவது நம் பாஷைக்கு மாறுவார்கள். பழக்கதோஷத்தில் நானேகூட மாறிவிடுவேன். அப்போது நீ உடனே அவளுக்குத் தமிழில் சொல்லிவிடு, என்ன பேசுகிறோம் என்று. அவளுக்குச் சொல்லக் கூசுகிற மாதிரி நான் ஏதாவது பேசியிருந்தால், எல்லார் முன்னாலும் என்னை நிறுத்து. நீ பதினோரு வயதில் சரியான கேள்வி கேட்டாய், நான் உன் வாயை அடைத்தேன். இனிமேல் அடைக்க மாட்டேன். பொறுமையிருந்தால் அவளுக்கு நம் பாஷையைச் சொல்லிக்கொடு. இட்லியில் ஆரம்பி.

இன்னொன்று. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. சமயநல்லூருக்குத் தபாலில் போடப் போவதில்லை. அடுத்த வாரம் நீ வந்ததும் நீ, நான், அம்மா மூன்று பேரும் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிறோம். வெற்றிலை இந்தத் தடவை நான்தான் வாங்க வேண்டும். வருவதும் வராததும் வசந்தி இஷ்டம். வந்தால் முன் வரிசையில் சோலை உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் உட்காரட்டும். வராவிட்டால் அதற்கும் அவளிடம் காரணம் கேட்காதே. பஸ் இருந்ததா, டூட்டியா என்று எதையும் கேட்காதே.

நேற்று காலையில் கடை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து வந்து மாடிக்குப் போனேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் பெஞ்ச் நேராகத் தெரிகிறது, அவள் சொன்னது சரி. அங்கே உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிற பேப்பரின் கொட்டை எழுத்தைக்கூட இங்கிருந்து படிக்கலாம். கீழே இறங்கி என் துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன். எட்டு மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தான், கிளம்பிவிட்டது. அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாளா, அந்தப் பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

பெயின்டரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா